அலுமாரிக்குள் வளர்ந்த பயறு

பயற்றை நனையப் போட்டுவிட்டு இரண்டு நாள் மறந்துபோனேன். மூடியைத் திறந்ததும் அடித்த புளித்த வாடைக்கு வேறு யாராயிருந்தாலும் மூக்கைப் பிடித்திருப்பார்கள். எனக்கோ, உக்குவளைப் பள்ளியில் நான் முதன்முதலாகப் படிப்பித்த மூன்றாம் வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது.

ஒரே மண்டபம், நடுவே பலகைத் தட்டி. அந்தப் பக்கம் ரிஸ்வானா டீச்சரின் பிள்ளைகள் எந்நேரமும் மண்ணும் கையுமாக இருப்பார்கள். இந்தப் பக்கம் என் பிள்ளைகள், "தாவரம் வளர ஒளி தேவை" என்று கூரை அதிரக் கத்துவார்கள். கத்தினால் பதியும் என்பது என் கொள்கை. தொட்டுப் பார்த்தால் புரியும் என்பது அவருடையது. எது மேல் என்று பார்க்க வெள்ளிக்கிழமை ஆசிரிய ஆலோசகர் வருவதாகப் பள்ளி அதிபர் சொன்னார். என் நியமனம் நிரந்தரமாவது அந்த ஆலோசகர் எழுதும் அறிக்கையில் இருந்தது. ஆகவே கொள்கையை ஒரு வாரத்துக்கு ஒத்திவைத்தேன்.

இரண்டு யோகட் கோப்பை, பஞ்சு, பயறு. ஒன்று ஜன்னலில், மற்றது அலுமாரிக்குள். இருட்டில் இருப்பது செத்துவிடும், பாடம் முடிந்தது. தினமும் இரண்டு செடியையும் தென்னை ஈர்க்கால் அளந்து, ஈர்க்கை அந்த நீளத்துக்கு முறித்து வைக்கும் பொறுப்பு முன்வாங்கில் இருக்கும் சிவகாமிக்கு. நான் எட்டியும் பார்க்கவில்லை. முடிவு தெரிந்த சோதனையை யார் பார்ப்பார்கள்?

வியாழக்கிழமை பள்ளி விட்டபின் அலுமாரியைத் திறந்தேன். ஜன்னல் பயறு குட்டையாக, பச்சையாக, ஒழுக்கமாக நின்றது. அலுமாரிப் பயறோ வெளுத்து, நெடுநெடுவென்று அதைப்போல் இரண்டு மடங்கு வளர்ந்திருந்தது. வெளிச்சத்தைத் தேடித்தான் அப்படி நீளுமாம், பிற்பாடு படித்தேன். அன்று கையில் கிடைத்தது ஒரு பிளேடு.

மறுநாள் ஆலோசகர் இரண்டு கோப்பைகளையும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். சிவகாமி எழுந்து, அலுமாரிப் பயற்றை அளந்த முதல்நாள் ஈர்க்கை நீட்டினாள்.

"சேர், நேத்து இம்புட்டு இருந்துச்சுங்க. ராத்திரியில சுருங்கிருச்சு."

"சுருங்கலடி, யாரோ வெட்டியிருக்காங்க. நுனியப் பாரு, எலையே இல்ல," என்றான் பக்கத்துப் பையன்.

தட்டிக்கு அப்பாலிருந்து ரிஸ்வானா டீச்சரின் குரல் வந்தது. "வெட்டினது யாருண்டு ஒங்க சேர்கிட்ட கேளுங்க புள்ளைங்களா. அவருக்கு எல்லாப் பதிலும் மனப்பாடம்."

"நான்தான்," என்றேன்.

ஆலோசகர் அறிக்கையில் எழுதினார்: 'மாணவர்கள் நன்றாக அவதானிக்கிறார்கள். ஆசிரியரும் பழகலாம்.' நியமனம் ஆறு மாதம் பிந்தியது. அந்த ஆறு மாதமும் ஓய்வு கிடைத்த பாடவேளையெல்லாம் தட்டிக்கு அந்தப் பக்கம், முழங்கால் இடிக்கும் குட்டி வாங்கில், மண்ணும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் அந்தப் பள்ளிக்குப் போனேன். தட்டியும் இல்லை, அலுமாரியும் இல்லை. சுவரில் பெரிய திரை. அதில் ஒரு பயறு பத்து விநாடியில் முளைத்து, பாடத்தில் சொன்ன உயரத்தில் சரியாக நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒருவர் கையிலும் ஈர்க்கு இல்லை.