பென்ஷன்காரர் கொடுத்த கஞ்சி

கோடைக்கானல் பஜாரில் நசுருதீன் பாய் கடை எங்கே என்று கேட்டால் யாரும் கை நீட்டி வழி காட்டமாட்டார்கள். "நேரா போங்க, சத்தம் வரும்" என்பார்கள். அரிசி, பருப்பு, மிளகாய் வற்றல், மண்ணெண்ணெய் விற்கிற சாதாரண மளிகைக் கடைதான். ஆனால் அந்த மனிதரின் தொண்டை இருக்கிறதே, அப்பப்பா! ஏரியில் படகு விடுகிற துரைக்குக்கூட இன்றைக்குத் துவரம்பருப்பு என்ன விலை என்று தெரிந்துவிடும்.

அந்தத் தொண்டைக்காகத்தான் நோன்பு மாதம் பிறந்தால் பள்ளிவாசல் அகப்பையை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொரு நாள் கஞ்சியும் ஒரு வீட்டார் செலவு. சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் கஞ்சி காய்ச்சியவர் படியில் நின்று, இன்றைக்கு இன்னார் வீட்டுக் கஞ்சி என்று கூவுவார். கூடியிருப்பவர்கள் கையேந்தி அந்த வீட்டாருக்காக இறைவனிடம் துஆ செய்வார்கள். அதற்கப்புறம்தான் முதல் அகப்பை அண்டாவில் இறங்கும். வரிசையில் நிற்பவர் யார், எந்தச் சாதி, எந்த மதம் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. ஏனத்தை நீட்டினால் ஊற்றியாக வேண்டும்.

நோன்பாளி கஞ்சியை ருசி பார்க்க முடியாதல்லவா? அதனால் உப்புப் பார்க்கிற வேலை அட்டுவம்பட்டிப் பாப்பம்மாளுக்கு. அவள் தலைச்சுமையாகக் காய்கறி கொண்டுவந்து விற்கிறவள். கூடையைக் காலி செய்துவிட்டு அடுப்பங்கரைக்கு வந்து, ஒரு சிரட்டைக் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்து, "போட்டது போதும் பாய்" என்று தலையாட்டிய பிறகுதான் விறகை இழுப்பார்கள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவள் நாக்கு தப்பியதில்லை.

நசுருதீன் பிறந்தது பழனியில். அவருடைய அத்தா ஆயக்குடிக் கொய்யாவை மாட்டு முதுகில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய் விற்றவர். மகன் மாட்டுக்குப் பின்னால் நடந்து நடந்தே மலைக்காரன் ஆகிவிட்டார். பஜாரில் ஒரு கடை, வாய்த்துடுக்குள்ள ஒரு மனைவி சுலைகா, இவ்வளவுதான் அவர் சம்பாத்தியம். பிள்ளை குட்டி இல்லை. ஆசை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. பம்பாய் போய்க் கப்பலேறி ஹஜ் செய்துவிட்டு வர வேண்டும், அதுவும் சுலைகாவையும் கூட்டிக்கொண்டு.

அதற்காகக் கடையில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை எல்லாம் வையாபுரி பாங்க் கிளையில் போட்டுவைத்தார். தலைமை ஆபீஸ் பழனியில். மேனேஜர் சேனாதிபதி கோட்டும் தலைப்பாகையுமாக வந்து மலையிலும் ஒரு கிளை திறந்து, எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போயிருந்தார். நசுருதீன் அவரிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வட்டி எங்களுக்கு ஆகாது, முதல் பத்திரமாக இருந்தால் போதும் என்றார். பாங்க் பாதி மட்டும் அவர் சொன்னதைக் கேட்டது. வட்டியும் தரவில்லை, முதலையும் தரவில்லை.

ஒரு திங்கட்கிழமை பாங்க் கதவில் பூட்டுத் தொங்கியது. மேனேஜர் தன் சிநேகிதர்களுடைய மில்லுக்கும் சினிமாக் கொட்டகைக்கும் அள்ளி அள்ளிக் கடன் கொடுத்து, ஒன்றும் திரும்பி வரவில்லையாம். ஜனங்கள் அழுதார்கள், அடித்துக்கொண்டார்கள். போனது போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் போகிற நேரத்தில்தான் அந்தச் சேதி வந்தது. பூட்டுவதற்கு முன்னால் டைரக்டர்கள் கூடி, அரும்பாடுபட்டு உழைத்த மேனேஜர் சேனாதிபதிக்கு ஆயுசு உள்ளமட்டும் பென்ஷன் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள்! போதாததற்குக் கோடைக்கானலில் ஏரிக்கு மேலே ஒரு பங்களா. அந்தப் பணம் தனியாகக் கட்டி வைத்தது, அதில் யாரும் கை வைக்க முடியாது என்று வக்கீல்கள் சொல்லிவிட்டார்கள். ஊரை முக்கினவருக்கு மாசாமாசம் மணியார்டர், முங்கினவனுக்கு வெறும் நாமம். இது எந்த ஊர் நியாயம், சொல்லுங்கள்!

ஆயக்குடிக் கொய்யாக்காரர்கள் பழனியில் மேனேஜர் வீட்டு வாசலுக்கே போய்ப் பழத்தால் அடித்தார்கள். அதிலும் நல்ல பழத்தை வீணாக்க மனசு வராமல், அழுகலாகப் பொறுக்கி எடுத்து அடித்தார்கள். மனைவி பயந்துபோய் மதுரையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். சேனாதிபதி மட்டும் பெட்டியோடு மலையேறி பங்களாவில் குடிபுகுந்தார். மலைக்காரர்கள் சாதுக்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் வந்த அன்றைக்கே நசுருதீன் கடைப்படியில் ஏறி நின்று ஒரு கூவல் கூவினார். "பென்ஷன் வாங்குற பங்களாவுக்கு இந்தக் கடையில இருந்து ஒரு கல்லு உப்புக்கூடப் போகாது. மத்தவங்க அவங்கவங்க மனசுப்படி செஞ்சுக்கங்க." மற்றவர்களும் அந்தப் பாங்கில் போட்டு இழந்தவர்கள்தானே, அவர்களுக்கும் மனசு ஒன்றாகத்தான் இருந்தது. வட்டக்கானல் செல்லப்பாண்டி பாலை நிறுத்தினான். பாப்பம்மாள் கூடையை மூடிக்கொண்டு அந்தப் பாதையையே விட்டுச் சுற்றிப் போனாள். சலவைக்காரர் அழுக்கு எடுக்கவில்லை, சமையல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டினான். பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லி பஷீர் அகமது மட்டும், "நான் அப்பவே சொன்னேன், அந்தப் பாங்கை நம்பாதீங்கன்னு. நான் ஒரு சல்லி போடலியே" என்று தாடியைத் தடவிக்கொண்டு திரிந்தார்.

பாவம், கை நிறையப் பென்ஷன், அடுப்பில் வைக்க ஒரு பிடி அரிசி இல்லை. ஐப்பசி மழை வேறு கொட்டித் தள்ளியது. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸும் நின்றுவிட்டது. வெள்ளைக்காரர் கடையில் டின் பிஸ்கட்டும் ஜாமும் கிடைத்தன. மேனேஜர் ஒரு வாரம் அதையே தின்று பார்த்தார். வயிறு ராஜினாமா கொடுத்துவிட்டது.

அப்போது நோன்பு மாதம் பிறந்திருந்தது. ஒருநாள் சாயங்காலம் கஞ்சி வரிசையில் ஒரு சலசலப்பு. தகரப் போணிக்கும் பித்தளைத் தூக்குக்கும் நடுவில் வெள்ளிச் செம்பு ஒன்று மினுமினுத்தது. அதைப் பிடித்திருந்த கை கோட்டுக் கை. நசுருதீனுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் ஏனத்தை நீட்டியாகிவிட்டதே, என்ன செய்ய? அகப்பையை ஆழ விடாமல் மேலோட்டமாக மொண்டு, தெளிந்த தண்ணீரை ஊற்றி அனுப்பினார். அதையும் அந்த மனிதர் அங்கேயே ஓர் ஓரமாக நின்று மளமளவென்று குடித்துவிட்டார்.

வீட்டுக்குப் போனதும் சுலைகா பிடித்துக்கொண்டாள். பெண்கள் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "பகை இருந்தா அவரு மூஞ்சிக்கு நேரே பேசுங்க. கஞ்சியிலயா காட்டுவாக? அது உங்க கடைச் சரக்கா?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து நசுருதீன் அடி வரை கலக்கி, கெட்டியாகவே ஊற்றினார். மேனேஜரும் தினம் வந்தார். முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார், பின்னால் நிற்பவர் கனைப்பார், சேனாதிபதி செம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நிற்பார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

சதை பிடித்ததும் மனுஷனுக்குப் பெரிய மனுஷத்தனமும் திரும்பி வந்தது. நேராக முத்தவல்லியிடம் போய், உங்கள் கஞ்சியைக் குடித்துத்தான் உயிரோடு இருக்கிறேன், இருபத்தேழாம் நோன்புக் கஞ்சி என் செலவாக இருக்கட்டும் என்று கும்பிட்டுக் கேட்டார். மாதத்திலேயே விசேஷமான நாள் அது. ஊரே திரண்டு வரும். அரிசி விலை ஏறிக் கிடக்கிற சமயம், அந்த நாளுக்கு வேறு யாரும் முன்வரவும் இல்லை. பஷீர் அகமது சரி என்று வாங்கிக்கொண்டார்.

கேட்டதும் நசுருதீன் குதித்தார். "அந்த ஆளு பேரை எந் தொண்டையால நான் கூவணுமா, மாமா? அவருக்கு எல்லாரும் துஆ செய்யணுமா? நம்மளக் கவுத்த காசுல நமக்கே கஞ்சி ஊத்திட்டுப் புண்ணியவான்னு பேர் வாங்கிட்டுப் போயிருவாரு."

"யாரு காசுல காய்ச்சுறோமோ அவங்க பேரைச் சொல்லணும். அதுதான் இங்க வழக்கம். ஒனக்கு முடியாதுன்னா சொல்லிரு, தையக்காரர் சம்சுல் ஆலம் கையில அகப்பையைக் குடுத்துர்றேன்" என்றார் பஷீர் அகமது.

அந்தச் சொல் நசுருதீனைச் சுட்டது. கப்பல் கனவு போயே போய்விட்டது. இந்த வயசுக்கு மேல் திரும்பச் சேர்க்க முடியாது என்று அவருக்கே தெரியும். மிஞ்சியது இந்த அகப்பை ஒன்றுதான். மெக்கா போகாவிட்டாலும் நோன்பாளிகளுக்குக் கஞ்சி ஊற்றினோமே என்று நினைத்துத்தான் அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அகப்பையை விட்டால் அதுவும் போயிற்று. விடாமல் வைத்துக்கொண்டால் அந்தப் பேரைக் கூவ வேண்டும். இரண்டு நாள் கடையில் சத்தமே இல்லை. பாய்க்கு உடம்பு சரியில்லையோ என்று ஊர் கவலைப்பட்டது.

இருபத்தேழாம் நோன்பு. நசுருதீன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சினார். பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதித்த வாசனை மூடுபனிக்குள் பஜார் முழுக்கப் போயிற்று. பாப்பம்மாள் வந்து சிரட்டையை நீட்டினாள். குடித்துவிட்டு, இன்றைக்கு யார் வீட்டுக் கஞ்சி, இவ்வளவு தாராளமாக இருக்கிறதே என்று கேட்டாள். நசுருதீன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

பாப்பம்மாள் கோபப்படவில்லை. சிரட்டையை மறுபடியும் நீட்டினாள்.

"அப்ப இது எங் காசுல காய்ச்சுன கஞ்சில்ல? இன்னொரு வாய் ஊத்துங்க பாய். வட்டியா நெனச்சுக் குடிச்சுக்கிறேன்."

நசுருதீன் அவளையே பார்த்தார். அப்புறம் அண்டாவைப் பார்த்தார். காலையிலிருந்து சிடுசிடுவென்று இருந்த முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. சிரட்டை வழிய வழிய ஊற்றிக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அசர் தொழப் போனார்.

தொழுகை முடிந்தது. பள்ளிவாசல் முற்றம் நிறைந்து தெருவரை வரிசை நின்றது. சேனாதிபதி சலவை மடிப்புக் கலையாத புதுத் தலைப்பாகையோடு முன்னாலேயே நின்றார். பேரைச் சொல்லும்போது எல்லார் கண்ணும் தன்மேல் விழும் என்று எதிர்பார்த்த முகம் அது. நசுருதீன் படியேறினார்.

"இன்னைக்குக் கஞ்சி, அட்டுவம்பட்டிப் பாப்பம்மா வீட்டுக் கஞ்சி!"

கூட்டம் விழித்தது. காய்கறிக்காரியா இருபத்தேழாம் கஞ்சி கொடுக்கிறாள்?

"வட்டக்கானல் செல்லப்பாண்டி வீட்டுக் கஞ்சி! தையக்காரர் சம்சுல் ஆலம் வீட்டுக் கஞ்சி! மாவரைக்கிற வேலுத்தாயி வீட்டுக் கஞ்சி! ஆயக்குடிக் கொய்யாக்காரங்க அத்தனை பேரு வீட்டுக் கஞ்சி!"

அங்கங்கே உதடுகள் துடிக்க ஆரம்பித்தன. யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு சிரிப்பு வரிசையோடு தெருவரைக்கும் ஓடியது. வையாபுரி பாங்கில் போட்டு இழந்தவர்கள் பேர் ஒவ்வொன்றாக அந்தத் தொண்டையிலிருந்து வந்து கொண்டிருந்தது. பேர் கேட்டவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். வேலுத்தாய் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பணம் போனதிலிருந்து அவள் பேரை ஒருவரும் இப்படி மரியாதையாகச் சொன்னதில்லை.

முத்தவல்லி வேகமாகப் படியேறி வந்தார். அகப்பை போயிற்று என்றுதான் நசுருதீன் நினைத்தார். பஷீர் அகமது அவர் காதருகில் குனிந்து, "எம் பேரை விட்டுட்டியேப்பா" என்றார்.

"நீங்க ஒரு சல்லி போடலைன்னுல்ல சொன்னீங்க?"

"வெக்கத்துல சொன்னேன். சொல்லு. அப்படியே ஒம் பேரையும் சேத்துச் சொல்லு."

பஷீர் அகமது பேரைக் கணீரென்று சொன்னார் நசுருதீன். தன் பேரைச் சொல்ல வாய் திறந்தார், வரவில்லை. பார்க்காத கப்பலும் பார்க்காத கடலும் வந்து தொண்டையை அடைத்துக்கொண்டன. துக்கம் என்றால் துக்கம்தான், அதற்கு வேறு பேர் இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து சுலைகா தெளிவாகச் சொன்னாள், "பஜார் நசுருதீன் வீட்டுக் கஞ்சி." எல்லாரும் கையேந்தினார்கள். ஆமீன் என்ற சத்தம் பனிக்குள் எழுந்து அடங்கியது. யார் முந்தி யார் பிந்தி என்று தெரியாத அந்தக் கைகளுக்கு நடுவில் சேனாதிபதியின் கைகளும் ஏந்தியபடிதான் இருந்தன.

வரிசை நகர்ந்தது. மேனேஜர் முறை வந்தது. செம்பை நீட்டிக்கொண்டே, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி கேட்டார்.

"எம் பேர் வரலியே, பாய்."

நசுருதீன் செம்பு நிறைய ஊற்றினார்.

"நீங்க ஒங்க காசுல காய்ச்சுற அன்னைக்குக் கட்டாயம் வரும், மேனேஜர்."

சேனாதிபதி அன்றைக்கு அங்கே நின்று குடிக்கவில்லை. சூடான செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரிசையின் ஓரமாகவே நடந்தார். ஒருவரும் கனைக்கவில்லை, ஒருவரும் சிரிக்கவும் இல்லை. பேர் சொல்லப்பட்ட ஒவ்வொருவரும் கொஞ்சம் ஒதுங்கி, தங்கள் வீட்டு விருந்தாளிக்கு விடுவதுபோல் அவருக்கு வழி விட்டார்கள்.