குமிழைத் திருப்பிய கை

ஜெசிந்தாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் திண்டிவனத்தில் பார்க்க முடியாது. கிளியனூர் வீட்டிலிருந்து வேலைக்கு பஸ் ஏறும்போதே கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்க மருந்து மிஷினைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் அவள். சில நாள் மிஷினின் வாயுக் குமிழ்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிடுவாள். நர்சுகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அன்றைக்கு நடந்தது அவர்களுக்கு என்ன தெரியும்?

வழக்கமாக அந்த மிஷினில் நோயாளி விடும் மூச்சு ஒரு டப்பா வழியாகச் சுற்றி வரும். உள்ளே இருக்கும் வெள்ளை மணிகள் கெட்ட காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் வாயு விட்டால் போதும். அன்று மணிகள் ஊதாவாகித் தீர்ந்துபோயிருந்தன. விழுப்புரத்திலிருந்து புதுச் சரக்கு வந்தபாடில்லை.

"பெய்ன் சர்க்யூட்ட மாட்டு" என்றார் மயக்க மருந்து டாக்டர் கலைப்பிரியா. அது குழாய்க்குள் குழாய். மணியும் இல்லை, டப்பாவும் இல்லை. வாயுவை நிறைய விட்டுத்தான் கெட்ட காற்றை வெளியே தள்ள வேண்டும். குறைத்தால், விட்ட மூச்சையே நோயாளி திரும்ப இழுக்க வேண்டியதுதான்.

மேஜையில் அஞ்சம்மாள். விக்கிரவாண்டிப் பக்கம் மல்லாட்டைக் கடலை பயிர் போடுகிறவள், பித்தப்பையில் கல். "திரும்பி வருவனா கண்ணு?" என்று ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்துலயே நின்னுக்கினு இருப்பேம்மா. உங்க மூச்ச நான் பாத்துக்கறேன்."

மயக்கம் ஏறியது. வாயுவைக் கூட்டிவைத்து, கலைப்பிரியா மூச்சுப் பையை அமுக்கினார். சர்ஜன் கத்தி வைத்தார். கத்தி வைத்த கொஞ்ச நேரத்தில் குமிழைத் திருப்பி வாயுவைக் குறைப்பது ஜெசிந்தாவின் தினப்படி வேலை. பாழாய்ப்போன பழக்கம்! கை தானாகப் போய்த் திருப்பிவிட்டு வந்தது.

திரையில் கெட்ட காற்றின் அளவு ஏறியது. மேலும் ஏறியது. அஞ்சம்மாளின் நெற்றி வேர்த்துக் கொட்டியது.

"இன்னா பேஜாரு இது? டியூப் அடைச்சிக்கிச்சா?" கலைப்பிரியா தொண்டைக் குழாயை உருவக் கை நீட்டினார்.

அப்போதுதான் ஜெசிந்தா குமிழைப் பார்த்தாள். சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால், ஐயோ கடவுளே!

"உருவாதீங்க மேடம்! நான்தான் கொறைச்சிட்டேன்!" அலறிக்கொண்டே குமிழை முழுக்கத் திறந்தாள்.

அளவு மெதுவாக இறங்கியது. அது இறங்கி முடியும்வரை அவள் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்புறம் பேசிக்கலாம். இப்ப எதையும் தொடாம நில்லு" என்றார் கலைப்பிரியா.

சாயங்காலம் அஞ்சம்மாள் கண் விழித்தாள். "சொன்னாப்பலயே என் மூச்சக் காப்பாத்திக் குடுத்துட்டியே தாயி" என்று ஜெசிந்தாவின் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது ஜெசிந்தாவுக்கு.