அண்ணனின் நெற்றியில் வைத்த ஒரு ரூபாய்

அண்ணன் காலமாகி ஓராண்டு ஆகிறது. நெல்லியாளம் எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டராக ஓய்வு பெற்றவர். கடவுளிடம் பக்தியும் காசுகளிடம் சந்தேகமும் உடையவர். அச்சடிக்கும்போதே பிழையாகிப்போன நாணயம் ஒன்று தம் கைக்கு வர வேண்டும் என்பது அவருடைய முப்பதாண்டு ஆசை. விலைக்கு வாங்க மாட்டார். அது குறுக்கு வழியாம். மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்திலும், காபிக்குப் போக மீந்த சில்லறையைப் புரட்டிப் பார்த்தார்.

இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களில் பாதிப் பேர், பிழைக் காசு லட்சக்கணக்கில் விலைபோகும் என்ற வீடியோ பார்த்துவிட்டுக் கோணல் காசுகளோடு அவரிடம் வந்தவர்கள்தாம். "ஏனுங்க, இது அச்சுல வந்த கோளாறு இல்லீங்க. யாரோ ரயில் தண்டவாளத்துல வெச்சதுங்க" என்று மரியாதையாகவே அனுப்பிவைப்பார். அண்ணியின் தம்பி மட்டும் பதினேழு முறை வந்து, பதினேழு முறையும் திரும்பினார்.

இறுதிச் சடங்கன்று நெற்றியில் வைக்க ஒரு ரூபாய் கேட்டார்கள். அண்ணியின் தம்பிதான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தலைமாட்டில் நின்ற நான், வைத்த பிறகே கவனித்தேன். காசில் சிங்கங்கள் ஓரமாக ஒதுங்கியிருந்தன; மறு ஓரம் பிறை வடிவில் வெறுமையாக இருந்தது. நான் கருவூலத்தில் வேலை பார்த்தவன்; சரிபார்க்காமல் எதையும் அனுப்பிப் பழக்கமில்லை. அண்ணனின் லென்ஸை எடுத்துவந்து குனிந்தேன்.

"பாவம், தம்பி ஒடஞ்சு போயிட்டாருங்க" என்று என்னைப் பார்த்துப் பின்னால் யாரோ விம்மினார்கள்.

தேய்த்து அழித்திருந்தால் கீறல் தெரியும், அந்த இடம் மெலிந்திருக்கும். இரண்டும் இல்லை. பின்பக்கமும் அதேபோல விலகியிருக்க வேண்டும் என்பது அண்ணன் சொல்லிக்கொடுத்த விதி. நெற்றிக் காசைத் திருப்பிப் பார்ப்பதற்கு எனக்குத் தெரிந்த நடைமுறை எதுவும் இல்லை. ஆனாலும் எடுத்துத் திருப்பினேன். விலகியிருந்தது.

"அச்சுப் பிழைதான்" என்றேன், வாய் தவறி.

அண்ணியின் தம்பிக்கு அழுகை நின்றது. "நெசமாலுமேங்களா? அப்ப அதைய இங்க குடுங்க. வேற ஒரு ரூவா தர்றனுங்க. வேணும்னா அஞ்சு ரூவாயே வெச்சுக்கலாமுங்க!"

அண்ணி நிமிர்ந்தார். "பதினேழு தடவ வந்து மாமா உசுர வாங்குனியே, இன்னிக்குத்தான்டா உருப்படியா ஒன்னு கொண்டாந்திருக்கே. கம்முனு நில்லு." பிறகு என் பக்கம் திரும்பி, "வெச்சுருங்க தம்பி. அவர் பாத்துக்கிட்டே போகட்டும்" என்றார்.

சிங்கங்கள் மேலாக இருக்கும்படி வைத்தேன்.

துக்கத்தில் துணைநின்ற அண்டை வீட்டாருக்கும், பர்லியாரிலிருந்து வந்து எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட உறவினருக்கும் நன்றி. அந்தக் காசு என்ன விலைக்குப் போகும் என்று விசாரித்து அறிந்தும், அண்ணியிடம் இதுவரை மூச்சுவிடாத அவருடைய தம்பிக்குத் தனி நன்றி.