கோவில்பட்டியில் நின்ற மூன்று மணி நேரம்

போன வாரம் எதிர்வீட்டுக்குத் தந்தி வந்தபோது நான் போட்ட கூச்சலில் நீங்கள் எல்லோரும் பயந்துவிட்டீர்கள். தந்தியைப் பிரிக்கும் முன்பே அந்த வீட்டு அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "முதலில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், எழுதியிருப்பதை மட்டும் பாருங்கள்" என்று நான் நடுத்தெருவில் நின்று கத்தினேன். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று சின்னவள் உங்கள் அம்மாவிடம் கேட்டாளாம். அதற்கு வாயால் பதில் சொல்ல எனக்கு வராது. எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது, குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது யுத்த காலம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தூத்துக்குடியில் ஓர் உப்பு வியாபாரியிடம் லாரியில் வேலை பார்த்தேன். பெட்ரோல் கிடைக்காததால் அந்த நாளில் லாரிகள் கரியில் ஓடின. லாரியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை இருக்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, கைப்பிடியைச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். அரைமணி நேரம் தோள் கழலச் சுற்றினால் அந்தப் புகை இஞ்சினுக்குள் போய் வண்டி கிளம்பும். வழியில் நின்று நின்று சாம்பல் தட்ட வேண்டும், கரி போட வேண்டும். அது என் வேலை. வண்டியை ஓட்டுகிறவன் என் சிநேகிதன்.

"மத்தவன் லாரி ஓட்டுதான், நான் ரெண்டு கருவாயன ஓட்டுதேன். ஒண்ணு வண்டி, ஒண்ணு நீ" என்பான்.

இரண்டு பேரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். ஒரே ஒரு தங்கச்சி. உப்பளத்தில் கூலிக்கு நின்று அவளை வளர்த்து, திருமங்கலத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு நல்ல மனிதருக்குக் கட்டிக்கொடுத்தான். அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அவன் ஒருவன்தான். அவனுக்கும் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

ஒருநாள் காலையில் கொட்டகையில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். அவன் கையில் ஒரு தந்தியோடு ஓடி வந்தான்.

"ஏலே, இத வாசிலே. திருமங்கலத்துல இருந்து வந்திருக்கு."

இங்கிலீஷில் நாலே வார்த்தை இருந்தது. தங்கை சீரியஸ், உடனே புறப்படு என்று அர்த்தம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் உப்பளத்து ஆட்களுக்கும் தந்தி வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்தக் காலத்தில் ஒருவர் செத்துப்போனார் என்று யாரும் தந்தியில் எழுத மாட்டார்கள். தனியாகப் பயணம் வருகிறவன் வழியில் மனம் உடைந்து எங்காவது விழுந்துவிடக் கூடாது என்று, உயிர் போன பிறகும் சீரியஸ் என்றுதான் கொடுப்பார்கள். நான் வாசித்துக் கொடுத்த ஐந்தாறு தந்தியும் அப்படித்தான் முடிந்தது. அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

"சீரியஸ்னா என்னலே?" என்றான்.

"ஒடம்பு ரொம்ப மோசம்னு போட்டிருக்கு."

"மோசம்னா? இருக்காளா, இல்லியா?"

நான் அவனைத் தனியே அழைத்துப்போனேன். "மனசத் தேத்திக்கோலே. தந்தியில இப்பிடித்தான் போடுவாவ. முடிஞ்சிட்டுன்னு அர்த்தம்" என்றேன்.

அவன் ஓர் உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்தான். அழவில்லை. "அந்த எழுத்துல அப்பிடியா போட்டிருக்கு?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பிள்ளைகளே, அப்படிப் போட்டிருக்கவில்லை.

முதலாளி நல்லவர். காலை ரயில் போய்விட்டது என்று தெரிந்ததும், "வண்டிய காலியா எடுத்துட்டுப் போங்கலே. உப்பு நாளைக்குப் போவட்டும்" என்றார்.

நான்தான் குறுக்கே பேசினேன். "வேண்டாம் அண்ணாச்சி. பொறந்த வீட்டுக் கோடி போடாம அங்கன எடுக்க மாட்டாவ. இவன் போய்ச் சேருத வரைக்கும் காத்துத்தான் ஆவணும். விருதுநகர்ல உப்ப எறக்கிட்டே போயிருதோம்."

கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் அவள் அண்ணன் தம்பி ஒரு புதுச் சேலை கொண்டுபோய் உடல்மேல் போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அது வராமல் பாடையைத் தூக்கமாட்டார்கள். நான் சொன்னது முறைப்படி சரிதான். அதனால்தான் முதலாளியும் ஒத்துக்கொண்டார்.

மூட்டை முழுக்க ஏற்றிக் கிளம்பினோம். எட்டயபுரம் தாண்டினோம். கோவில்பட்டிக்குள் நுழைந்தபோது பதினோரு மணி இருக்கும். ஜவுளிக்கடைத் தெருவில் வண்டியை நிறுத்தினான்.

"பொங்கலுக்குக் கன்ட்ரோல் சீலைதான்லே கொண்டு போனேன். சாக்கு மாதிரி இருந்திச்சு. சிரிச்சிக்கிட்டே வாங்கிக்கிட்டா. அடுத்த பொங்கலுக்காவது கிளிப்பச்சையில அரக்குக் கரை போட்டு எடுத்துட்டு வாண்ணேன்னா. அதத்தான் வாங்கணும்" என்றான்.

யுத்த காலத்தில் துணிக்குக் கட்டுப்பாடு. கடைகளில் பாதி அலமாரி காலி. முதல் கடையில் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது கடைக்காரர் வெள்ளையும் சாயம் போன நீலமும் எடுத்துப் போட்டார்.

"கோடிக்குத்தானய்யா? எதுவா இருந்தா என்ன, போறவுக பாக்கவா போறாக?"

"அவ கேட்டது அதுதான் அண்ணாச்சி. எம்புட்டு நேரமானாலும் நிக்கேன்."

கடைக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். கைத்தறி நெய்கிற ஒரு வீட்டில் அந்த நிறத்தில் ஒன்று கிடக்கலாம் என்று ஆளை அனுப்பினார். போன ஆள் வெகுநேரம் வரவில்லை. கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு தரம் அவன் எழுந்தான். "போயிருவமாலே? மனசு என்னமோ பண்ணுது" என்றான். இரண்டு தரமும் நான்தான் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"இனிமே என்னலே அவசரம்?" என்றேன்.

அந்த நேரத்தில் அவள் உயிரோடு இருந்தாள். இதை ஒளித்து வைத்துக் கடைசியில் சொல்ல எனக்கு மனமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் புருஷன் உள்ளதை உள்ளபடியே தந்தியில் கொடுத்திருந்தார். விஷக்காய்ச்சலில் கிடந்தவள் அன்றைக்குக் காலையில் தெளிவாகப் பேசினாள், கஞ்சி குடித்தாள், அண்ணன் வருவானா என்று கேட்டாள். நாங்கள் அவளுக்குக் கோடி வாங்கக் காத்துக்கொண்டிருந்தோம்.

சேலை வந்தது. நல்ல கிளிப்பச்சை, அரக்குக் கரை. அவன் அதைத் தடவிப் பார்த்து, அப்போதுதான் முதல் தடவையாக அழுதான். வண்டிக்கு வந்தால் உருளையில் நெருப்பு அணைந்து கிடந்தது. மறுபடி மூட்டிச் சுற்றிக் கிளம்ப மணி இரண்டாகிவிட்டது.

கோவில்பட்டியிலிருந்து வடக்கே போகிறது பழைய பெருஞ்சாலை. மதுரையை ஆண்ட ஒரு ராணி போட்டது என்பார்கள். இரண்டு பக்கமும் கிழட்டுப் புளியமரங்கள் கிளை கோத்து நிற்கும், இடையிடையே கல்மண்டபங்கள். நிழலிலேயே போகலாம். மற்ற நாளாக இருந்தால், "ராணி பல்லக்குல போன ரோட்டுல உப்பு மூட்ட போவுது பாருலே, அவ பாத்தா வரி போட்டிருவா" என்று ஏதாவது சொல்வான். அன்றைக்கு வேறு பேச்சுப் பேசினான். சேலை மடியில் இருந்தது. அழுது முடித்தவனுக்கு வருகிற ஒரு லேசான மனநிலை வந்திருந்தது. தங்கச்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான்.

சாத்தூர் தாண்டி ஒரு மரத்தடியில் சாம்பல் தட்ட நின்றோம். அவன் இறங்கி வந்து சக்கரத்தில் சாய்ந்துகொண்டான்.

"நான் கொழும்புக்குத் தோணியேறப் பாத்தேன்லா, ஒனக்கு ஞாபகம் இருக்கா? அன்னைக்கு என் சட்டையக் காங்கல. இருந்ததே ஒரு சட்ட. வீடு பூரா தேடுதேன். இவளும் கூடச் சேந்து தேடுதா. எட்டு வயசு! 'எங்கண்ணே போட்டே, நல்லா யோசி'ங்கா. தோணி போயிட்டு. சாயங்காலம் பாத்தா அரிசிப் பானைக்குள்ள இருக்கு சட்ட."

"அடிச்சியாலே?"

"அடிக்கதுக்குக் கையத் தூக்குனேன். 'சட்ட இல்லாமப் போனா அங்கன ஒன்னய ஆரு மதிப்பா, அதான் ஒளிச்சேன்'ங்கா. எப்பிடி இருக்கு பாரு வாயி! சிரிச்சிட்டேன். அவளாலதான் நான் இங்கன கெடக்கேன், ஒன் மூஞ்சியில முழிச்சுக்கிட்டு."

இரண்டு பேரும் சிரித்தோம். நன்றாகச் சத்தமாகவே சிரித்தோம். பிறகு நான் கணக்குப் பார்த்தேன், எத்தனையோ தடவை பார்த்தேன். அப்போது மணி மூன்று.

விருதுநகரில் உப்பை இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. திருமங்கலத்துக்குள் போனபோது விளக்கு வைத்துவிட்டார்கள். தெரு முனையிலேயே கொட்டுச் சத்தம் கேட்டது. பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்று எனக்கு ஒரு எண்ணம் ஓடியது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவன் சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தான். கூட்டம் வழிவிட்டது. அவள் புருஷன் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"மச்சான், இப்ப வாறியே மச்சான்! மூணு மணி வரைக்கும் உயிரக் கையில பிடிச்சு வச்சிருந்தாளே! ரோட்டுல எந்தச் சத்தம் கேட்டாலும் அண்ணன் லாரியா பாருங்க, அண்ணன் லாரியா பாருங்கன்னு என்னய வாசலுக்கும் கட்டிலுக்குமா ஓட விட்டாளே!"

என் சிநேகிதன் அவரை விலக்கிப் பிடித்தான். "எந்த மூணு மணி?"

"இன்னைக்குத்தான் மச்சான். இப்ப, மத்தியானம்."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். ஒரு தடவைதான். அதற்குப் பிறகு அன்றைக்கு முழுவதும் அவன் என்னைப் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து ஒரு வயதான பெண், அவள் புருஷனுடைய சித்தியாம், வந்து நின்றாள். சேலையைப் பார்த்தாள். "மூணு மணிக்குப் போன உசுரு. அதுக்குள்ள கோடிக்கு எங்கிட்டிருந்துப்பா சேலை?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது, கேட்டாள். ஆனால் கொட்டுச் சத்தம்கூட நின்றுவிட்ட மாதிரி எனக்கு இருந்தது.

"கோடி இல்ல சித்தி" என்றான் அவன். "பொங்கலுக்கே இந்தக் கலர் கேட்டா. காய்ச்சல்ல கெடக்கவளுக்குச் சந்தோசமா இருக்குமேன்னு எடுத்தாந்தேன்."

அவள் புருஷன் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, பாக்காமப் போயிட்டியே! ஒங்கண்ணன் பச்சைச் சேலை கொண்டாந்திருக்கான், எந்திரிச்சுப் பாரேன்!" வீடே அழுதது. கொஞ்சம் அடங்கியதும் என்னிடம் கேட்டார், "ஏன் தம்பி இம்புட்டு நேரம்?"

"வழியில வண்டி நின்னுட்டு அண்ணாச்சி" என்றேன். அதுவும் நடந்ததுதான். நெருப்பு அணைந்து நின்றதுதானே. ஆனால் அது பொய்.

"நீங்க என்ன செய்வீக, பாவம். கரி வண்டிய நம்பி எப்பிடித்தான் வந்தீகளோ" என்று அவர் எங்கள் இரண்டு பேருக்கும் ஆறுதல் சொன்னார்.

அந்தச் சேலையைத்தான் அவள்மேல் போர்த்தினார்கள். தங்கச்சி ஆசைப்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டு வந்தானே, அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவன் ஒவ்வொரு பேச்சுக்கும் தலையைக் குனிந்துகொண்டே போனான். மறுநாள் எல்லாம் முடிந்து அந்தப் புளியமரச் சாலையிலேயே திரும்பினோம். என்னால் தாங்க முடியவில்லை.

"என்னய நாலு அடி அடிச்சிருலே" என்றேன்.

வண்டியை ஓரமாக நிறுத்தினான். "ஒன்னய அடிச்சு? நீ வாசிச்சதச் சொன்ன. அவ போயிட்டான்னதும் நான்தானலே அவசரத்த விட்டேன். மனசு பதறிக்கிட்டே இருந்திச்சு, நான்தான் அத நம்பாம ஒன்னய நம்புனேன்." பிறகு, "மாப்பிள்ளகிட்ட நெசத்தச் சொல்லிருக்கணும்" என்றான்.

"திரும்பிப் போயிச் சொல்லிருவமா?"

"வேண்டாம். அந்தாளுக்கு மிச்சமிருக்கது அந்தச் சீலை நெனப்பு ஒண்ணுதான்."

அவள் புருஷன் மறுகல்யாணம் செய்யவில்லை. ஒவ்வொரு வருஷமும் அவள் திதி முடிந்ததும் ஒரு கார்டு போடுவார். என் சிநேகிதனுக்கு வாசிக்கத் தெரியாததால் என்னிடம்தான் கொண்டு வருவான். படையலில் ஒரு பச்சைச் சேலை வைத்தேன், நீங்கள் அன்றைக்குக் கொண்டுவந்ததை எல்லோரிடமும் சொன்னேன் என்று தவறாமல் ஒரு வரி இருக்கும். முதல் வருஷம் அந்த வரியை விட்டுவிட்டு வாசிக்கப் பார்த்தேன். "விடாம வாசிலே. எழுதியிருக்கத அப்பிடியே வாசி" என்றான். அதிலிருந்து அப்படியே வாசிக்கிறேன். கேட்டுவிட்டு, பதில் எழுது என்பான்.

"என்னன்னு எழுத?"

"சொகமா இருக்கேன்னு எழுது" என்பான்.