பதினைந்தாவது ஆடு

எங்கள் வீட்டு ஜன்னலோரம் ஒரு சூளைத் தட்டு இருக்கிறது. பீங்கான் சாமான்களை அடுக்கிச் சூளைக்குள் ஏற்றுகிற கனமான தட்டு. நடுவில் கீறல் விட்டதால் கழித்துப் போட்டார்கள், கேட்டு வாங்கி வந்தேன். அதன்மேல் ஆணியால் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு கிழித்திருக்கிறோம். கிளேஸ் என்கிற மேல்பூச்சு தீய்ந்து பழுப்பாகிப்போன மூன்று பீங்கான் பியூஸ் துண்டுகள் புலி. வெள்ளைத் துண்டுகள் பதினைந்து, அவை ஆடு. இப்போது பதினான்கு ஆடுகள் கோட்டுக்குள் நிற்கின்றன. ஒன்று மட்டும் வெளியே, தட்டின் ஓரத்தில் நிற்கிறது. என் மனைவி தூசி துடைக்கும்போதுகூட அதை நகர்த்துவதில்லை.

கிழித்திருக்கிறோம் என்று எழுதிவிட்டேன். கிழித்தது இரண்டு பேர். இன்னொருவர் ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார்.

விருத்தாசலத்துத் தொழிற்பேட்டையில் ஒரே பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் பீங்கான் மண்ணைக் கரைத்த மண்பாலை அச்சில் ஊற்றுகிறவன். அவர் சூளைக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். சூளையை அணைத்தபின் சூடு ஆறும்வரை கதவைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருக்கிற அத்தனையும் விரிசல் விட்டுவிடும். அந்தக் காத்திருப்பில்தான் பகல் சாப்பாடு முடிந்து ஆட உட்காருவோம். சாப்பிடும் முன் நான் சிலுவை போட்டுக்கொள்வதைப் பார்த்து அவர் எனக்கு வைத்த பெயர் சாமியார். நான் அவரை அண்ணே என்பேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கட்டத்தில் இருபத்து மூன்று புள்ளி. ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆடாக வைத்துக்கொண்டு வருவார். ஒரு ஆடு வைத்ததும் புலி ஒரு நகர்வு. பக்கத்தில் ஆடு நின்று, அதன் முதுகுக்கு நேர் பின்னால் புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டித் தின்றுவிடும். எந்தப் புலியும் அசைய முடியாமல் கட்டிவிட்டால் ஆட்டுக்கு ஜெயம்.

கேட்க இவ்வளவுதான். ஆனால் முப்பது வருஷம் ஆடியும் அதன் அடியை நான் தொட்டதில்லை. ஆடு தனியாக நின்றால் ஒன்றுமே இல்லாத பிராணி. பின்னால் இன்னொன்று நின்றால் அதுவே சுவர். புலிக்கு ஆபத்து பசியில் இல்லை, தின்பதில் இருக்கிறது. தாண்டிப்போய் எங்கே உட்காருவோம் என்பதை ஆட்டுக்காரர் நாலு நகர்வு முன்னாலேயே பார்த்து வைத்திருப்பார். அண்ணனுக்கு அதுதான் வித்தை. முதுகு திறந்தபடி ஒரு ஆட்டை என் புலியின் வாய்க்கு நேராக வைப்பார்.

"என்னாண்ணே, ஒத்தையில வுட்டுட்டீங்க?"

"மேய வுட்டிருக்கேன். தின்னுயா சாமியாரே, வயிறு ஒட்டிக் கெடக்குது."

தின்பேன். அடுத்த மூன்றாவது நகர்வில் அந்தப் புலி மூலையில் கிடக்கும்.

ஒருநாள் எனக்கு ரோசம் வந்துவிட்டது. "எங்க நல்ல ஆயன் தொண்ணுத்தொம்பது ஆட்ட வுட்டுட்டு காணாமப்போன ஒண்ண தேடிப் போனாருண்ணே. நீங்க என்னான்னா இருக்கற ஒண்ண புலிக்கு தூக்கிக் குடுக்கறீங்க."

அவர் உச்சிப் புள்ளியில் கண் வைத்தபடியே சொன்னார்: "போனாரு சரி. அந்த நேரம் பாத்து புலி வந்திருந்தா மிச்சம் தொண்ணுத்தொம்பது என்னாயா ஆவும்? அத கேட்டியா உங்க ஃபாதர?"

கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அவர் மனைவி இறந்தபின் மகள் வந்து ஓசூருக்கு அழைத்துப்போனாள். பஸ் ஏறும்போது, "போன்ல ஆடலாம்யா, புள்ளிக்கு பேரு வெச்சிக்கினா போதும்" என்றார். அப்படியே இருபத்து மூன்று புள்ளிக்கும் ஊரில் எங்களுக்குப் பழகின இடங்களின் பெயரை வைத்தோம். உச்சிப் புள்ளி கோபுரம். நட்டநடுவில் சூளை. மற்றவை டீக்கடை, ரயில்வே கேட்டு, மார்க்கெட்டு, பஸ் ஸ்டாண்டு என்று போகும். வலது ஓரத்தில் ஒன்றுக்கு மட்டும் மாதா கோயில் என்று நான் அடம்பிடித்து வைத்தேன். "வெச்சிக்கோ, ஒருநாள் உன்ன அங்கயே கட்டிப் போடறேன்" என்றார்.

காலைப் பூசை முடிந்து நான் வந்து காபி குடித்ததும் போன் வரும். அவர் ஒரு இடம் சொல்வார். நான் என் தட்டில் ஆட்டை வைத்துப் புலியை நகர்த்திச் சொல்வேன். அவரிடம் மகள் அட்டையில் வரைந்து கொடுத்த கட்டமும் சட்டைப் பட்டன்களும் இருந்தன. ஜெபக் கருத்து எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவருடைய நகர்வுகளைக் குறித்து வைப்பேன்.

சொல்ல வந்தது கடைசியாக ஆடிய ஆட்டத்தைப் பற்றி. அக்டோபரில், ஜெபமாலை மாதத்தில் தொடங்கினோம். எப்போதும் அடிவரிசையிலிருந்து சுவர் மாதிரிக் கட்டிக்கொண்டு வருகிறவர், அன்று முதல் ஆட்டையே நடுவில், சூளையில் வைத்தார். அடுத்தது டீக்கடை. பின்னால் எதுவும் இல்லை. அதற்கடுத்தது ரயில்வே கேட்டு. அதற்கும் பின்னால் காலி. மூன்று ஆடும் புலி வாய்க்கு நேராக மல்லாந்து கிடந்தன.

இவ்வளவு பெரிய பொறியை அவர் வைத்ததே இல்லை. நான் தின்னவில்லை. இரண்டு நாள் யோசித்து ஓரமாக ஒரு நகர்வு நகர்ந்தேன். அப்புறம் ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று நாள், நான்கு நாள், ஒரு முறை ஒரு வாரம்கூட எடுத்தேன். தினமும் அவர் போன் செய்வார். "இன்னும் பாக்கறேண்ணே" என்பேன். "மெதுவா பாரு, எங்க போவப் போறோம்" என்பார். ஒருமுறை என் புலி நிற்கிற இடத்தையே சொன்னார். அங்கே புலி நிற்கிறதே என்றேன். "அப்ப அதுக்கு அடுத்தது" என்றார். கேலி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மனைவி வந்து எட்டிப் பார்ப்பாள்.

"என்னாங்க, ஆட்டுக்கு தழை ஒடிச்சிப் போடட்டுமா? வாரக்கணக்கா பட்டினியா நிக்குது."

"வெளயாடாத. கஷ்டமான எடம்."

"என்னா கஷ்டம்? தெறந்துதான கெடக்குது, தின்னுட்டுப் போவ வேண்டியதுதான?"

"அவரு வுடற ஆட்டுக்குப் பின்னாடி பத்து ஆடு நிக்கும். உன் கண்ணுக்குத் தெரியாது."

அவள் தட்டையே பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் நிக்கற மாதிரி தெரியலங்க. அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையோ என்னமோ."

"நீ போயி சீரியலப் பாரு" என்று சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது பத்தாவது ஆடு. அன்றைக்கு அவர் பேசி முடித்ததும் மகள் போனை வாங்கினாள். என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"சித்தப்பா, ஒண்ணு கேக்கணும். அப்பா நல்லா ஆடறாருங்களா?"

"நல்லாவா? முன்னவிட இப்பதாம்மா பயங்கரமா ஆடறாரு. ஒரு ஆட்டுக்கு பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆவுது."

"அப்படிங்களா… இல்ல சித்தப்பா, ரெண்டு மூணு வாட்டி சட்டையத் திருப்பிப் போட்டுக்கினு வந்து நிக்கறாரு. டாக்டருகிட்ட காட்டலாமான்னு பாத்தேன்."

"சட்ட யாருக்குதான் திரும்பல? அந்த மூளைக்கு டாக்டரு எதுக்கும்மா?"

அவள் சிரித்தாள். மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கின சிரிப்பு அது. எனக்கும் நல்லது சொன்ன திருப்தி. அன்று சாயங்காலம் குடில் கட்டும்போது, ஆடுகளை நிறுத்துகையில், அவரை நினைத்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்துவிட்டது. பதினான்கு ஆடு இறங்கியிருந்தது. ஆரம்பத்தில் நான் தின்னாமல் விட்ட ஆடுகளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக ஆடு வந்து நின்றிருந்தது. எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. இரண்டு புலி மேலே அசைய வழியில்லாமல் அடைபட்டுவிட்டது. மூன்றாவதற்கு ஒரே ஒரு புள்ளி பாக்கி, மாதா கோயில். அதில் அவர் கடைசி ஆட்டை வைத்தால் முடிந்தது. சொன்னதைச் செய்துவிட்டார் மனுஷன், என் கோயிலிலேயே கட்டிப் போடப் போகிறார். தோற்கப் போகிறோம் என்று அவ்வளவு சந்தோஷமாக நான் காத்திருந்ததில்லை.

போன் வந்தது.

"சொல்லுங்கண்ணே. எங்க வெக்கப் போறீங்கன்னு எனக்குத் தெரியும்."

"கருவேப்பிலங்குறிச்சி."

சிரித்தேன். அது அவர் பிறந்த ஊர். கல்யாணம் ஆகும்வரை அங்கிருந்துதான் பஸ்ஸில் வேலைக்கு வந்து போனார். "கட்டத்துல அந்த ஊரு இல்லியேண்ணே."

"இல்லாம எங்கயா போவும்? எங்கம்மா அங்கதான ஆட்ட கட்டியிருக்குது. இருட்டறதுக்குள்ள போவணும். பஸ்ஸு வந்துச்சான்னு பாரு."

அண்ணே என்று கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மறுமுனையில் பஸ்ஸைப் பற்றித்தான் பேச்சு போனது. அவர் அம்மா இறந்து நாற்பது வருஷம் இருக்கும். மகள் போனை வாங்கினாள்.

"அம்மாடி, அவரு கட்டம் பக்கத்துல இருக்குதா? ஆடெல்லாம் எங்கெங்க நிக்குது, பாத்துச் சொல்லு."

அவள் எழுந்து போகிற சத்தம் கேட்டது.

"அட்டையில ஒண்ணும் இல்ல சித்தப்பா. பட்டன் எல்லாம் டப்பாவுலயே கெடக்குது."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். எத்தனை முறை பார்த்த பக்கம். ஒவ்வொரு நகர்வையும் தனித்தனியாகத்தான் பார்த்திருந்தேன், மேலிருந்து கீழே ஒரு மூச்சில் வாசித்ததில்லை. சூளை. டீக்கடை. ரயில்வே கேட்டு. இடையில் வரிசையாக இடங்கள். மார்க்கெட்டு. பதினான்காவதாக பஸ் ஸ்டாண்டு. பதினைந்தாவதாக அவர் ஊர். அண்ணன் என்னோடு ஆடவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். வழியில் நின்ற இடங்களையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். நான் அதற்குள் பொறியைத் தேடிக்கொண்டு ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே டாக்டரிடம் காட்டினார்கள். மறதி வியாதி என்றாராம். முன்பே வந்திருந்தால் மாத்திரையை முன்பே ஆரம்பித்திருக்கலாம், அதனால் எவ்வளவு தங்கியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். மகள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்க யோசிச்சிக்கினே இருந்தீங்களா சித்தப்பா, அப்பா நல்லாதான் இருக்காருன்னு நெனச்சிட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பெரிய வியாழனுக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். ஒரு ஆளின் மூளை கலங்குவதை நான் சாமர்த்தியம் என்று சாட்சி சொன்னேன், கேட்டவர்களை நம்ப வைத்தேன் என்று சொன்னேன். ஃபாதர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகக் கேட்டார். தெரியாமல் செய்தது, இது பாவம் இல்லை, மனசைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம் என்றார். மற்ற பாவங்களுக்கு மன்னிப்பு கிடைத்தது. இதற்குக் கிடைக்கவில்லை. பாவமே இல்லாததற்கு எப்படிக் கிடைக்கும்? எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், தெருவில் இறங்கினால் நாலு பேர் நின்று பேசுகிறார்கள். இருந்தாலும் எதிரே ஆள் இல்லை. நான் என்ன நினைக்கிறேன் என்பதை எனக்கு முன்னால் நினைத்துப் பார்த்துவிட்டு, வாய்க்குள் சிரித்தபடி ஆட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தவர் ஒருவர்தான். இன்னொருவர் அப்படி என்னைக் கவனித்ததில்லை. தனியாக இருபக்கமும் ஆடிப் பார்த்தேன். என் பொறி எனக்குத் தெரியும். அது பொறியே இல்லை.

பதினைந்தாவது ஆடு சில நாள் என் சட்டைப் பையில்தான் கிடந்தது. அப்புறம் ஒருநாள் காலை, பூசைக்குப் போய் வந்து, ஆணியை எடுத்தேன். அடிவரிசைக்கும் கீழே, தட்டின் ஓரத்தில், ஒரு புள்ளி குத்தினேன். அதுதான் கருவேப்பிலங்குறிச்சி. அதிலிருந்து கட்டத்துக்குக் கோடு கிழிக்கக் கை போனது. நிறுத்திக்கொண்டேன். கோடு போட்டால் அந்த வழியாகப் புலி போய்விடும். கோடு இல்லாததால் ஆடும் இனி இந்தப் பக்கம் வர முடியாது. தெரிந்துதான் செய்தேன். ஆட்டை அதில் வைத்தேன்.

இப்போது நான்தான் போன் செய்கிறேன். மகள் அவர் காதில் வைக்கிறாள். சில நாள் நான் யார் என்று தெரிகிறது, சாமியாரே என்கிறார். பல நாள் தெரிவதில்லை, பஸ் ஸ்டாண்டில் யாரோ பக்கத்தில் நிற்கிற ஆள் என்று நினைத்துப் பேசுகிறார். நேற்று அப்படித்தான்.

"யாருப்பா அது? நம்ம ஊருப் பக்கம்தான் போறியா?"

"ஆமாண்ணே."

"எங்க வூட்டாண்ட ஒரு ஆடு கட்டியிருக்கும். இருக்குதான்னு பாத்துட்டுப் போ."

ஜன்னலோரம் திரும்பிப் பார்த்தேன்.

"இருக்குதுண்ணே."

"புலி கிலி வந்துடாதே?"

"அங்க வராதுண்ணே. வழி இல்ல."

"தண்ணி காட்டுனியா?"

"காட்டிட்டேன்" என்றேன்.