காப்பிப் பூ பார்க்கப் போன கதை

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தாலும் ஊரைக் கூட்டிவிடுவேன். ஆனால் பூ என்றால் கிறுக்கு. என் சிநேகிதிக்கும் அதே கிறுக்கு. போடியில் ஒன்றாகப் படித்த காலத்தில் வேலி வேலியாகப் பூத் தேடி அலைந்து இருவரும் அடி வாங்கியிருக்கிறோம். பிறகு அவள் குரங்கணிக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டாள். நான் போடியிலேயே டீச்சரானேன்.

1950களில் ஒரு பங்குனி. மழை பெய்து ஒரு வாரம் இருக்கும். ஏலக்காய் மூட்டை கொண்டுவந்த ஆளிடம் சீட்டு அனுப்பியிருந்தாள். "நாளைக்குக் காப்பி பூத்துரும். மூணு நாள்தான் நிக்கும். வெரசா வாடி."

வெறுங்கையை வீசிக்கொண்டா போவது? நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிப் பையில் போட்டேன். ஏற்றத்தில் இடுப்பில் இடித்து இடித்து அது கூழாகிவிட்டது.

தோட்டத்து முனையில் அவள் காத்திருந்தாள். சரிவு முழுக்க வெள்ளை. "எப்பூடி?" என்றாள், தானே பூக்கவைத்தவள் மாதிரி.

"ரொம்பப் பீத்தாதடி" என்று சிரித்தேன். அதற்குள் அவள் மூக்கை உறிஞ்சி என் பையைத் திறந்து பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"அடிப்பாவி! பூக்காலத்துல பழுத்த பழத்தை இங்க யாரும் கொண்டாரமாட்டாகடி. அந்த வாசத்துக்குத் தேனீ வெறிபிடிச்சு வரும். போட்டுட்டு வா!"

பதறிப்போய்ப் பையை வீசினேன். அது போய் விழுந்தது தேன்கூடு தொங்கிய மரத்தடியில்.

ஐயோ, அந்தச் சத்தம்! காதில் ஒன்று கொட்டியது. நான் அலறினேன். அவள் போர்த்தியிருந்த கம்பளியை என் தலைமேல் போட்டு, கீழே தள்ளி, என்மேல் கவிழ்ந்தாள். "அசையாதடி!" என்றாள். அப்புறம் "ஆத்தா, ஆத்தா" என்று முனகினாள். கொஞ்ச நேரத்தில் அந்த முனகலும் நின்றுபோனது. செத்துவிட்டாள், நான்தான் கொன்றேன் என்றே நினைத்தேன். ஆனாலும் கம்பளியை விலக்கிப் பார்க்கவில்லை.

புகை நெடி வந்தது. ஆட்கள் ஓடிவந்து அவளைத் தூக்கினார்கள். கங்காணி கத்தினார்: "எந்த மூதேவி பழத்தைக் கொண்டாந்தது? இங்க சோலி பாக்குறவுக உசுரு என்னாகுறது?"

தடித்த நாக்கில் அவள் குழறினாள். "நாந்தேண்ணே... மறந்துட்டேன்."

உயிரோடு இருக்கிறாள்! அந்தச் சந்தோஷத்திலாவது நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். தேனீயெல்லாம் போய்விட்டது. நான் மட்டும் கம்பளியை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டேன்.