அக்காவின் வியாழக்கிழமை அட்டைகள்

அக்காவை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் வியாழக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு அக்காவின் வீட்டில் இருந்தவர்கள்:

செட்டிபாளையம் ரூத் ரீச்சர்.
களுவாஞ்சிகுடியில் தையல் மெசின் வைத்திருக்கும் லில்லி.
பக்கத்து வளவு ராணி மச்சாள்.
ராணி மச்சாளின் தங்கை பவளம்.
புளியந்தீவில் இருந்து பஸ்ஸில் வந்த செல்வம் மிஸி. ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்து பென்சன் எடுத்தவர்.
வெல்லாவெளியில் இருந்து வந்த அன்னம்மாக்கா.
அக்காவின் மகள், அதாவது என் மருமகள்.
நான்.

நான் உள்ளே இருக்கவில்லை. முற்றத்தில் பந்தல் கயிறு அவிழ்த்துக்கொண்டு நின்றேன்.

அக்காவின் நினைவு மலரில் போட, அன்று நடந்ததை எழுதும்படி மருமகள் கொப்பி தந்தாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முதல் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா குருக்கள்மடத்தில் பிறந்தார். அப்பா பாதையில் வேலை செய்தவர். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சொந்தங்களின் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பாதை என்றால் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வாவியில் அக்கரை போகும் மிதவை. அப்பாவுக்குப் பிறகு அந்த வேலை எனக்கு. இன்றைக்கும் அதுதான்.

அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அம்மா சுகமில்லாமல் கிடந்ததால் மேலே படிக்கவில்லை. என்னை வளர்த்தது அக்கா. அத்தான் தச்சு வேலை. நல்ல மனிதர். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் ஆண், இளையவள் பெண். அத்தான் நெஞ்சு வலியில் சீக்கிரம் போய்விட்டார். அக்கா இடியப்பம் அவித்து இரண்டையும் ஆளாக்கினார்.

சுனாமியில் வீடு போனது. ஆறு மாதம் கூடாரத்தில் இருந்தோம். அங்கே ஒரு வெள்ளைக்கார நேர்ஸ் வேலை செய்தார். மிஷன் மூலம் வந்தவர். அவர் அக்காவின் காலில் இருந்த காயத்துக்கு மருந்து கட்டும்போது ஒரு விஷயம் சொன்னார். தன்னுடைய ஊரில் ஒரு வயதான அம்மா மட்டக்களப்புக்காக ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறாராம். அந்த அம்மாவுக்கு எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாதாம்.

அக்கா அதை விடவில்லை. பல நாள் அதையே சொல்லிக்கொண்டு இருந்தார். முகம் தெரியாத ஒருத்தி எங்களைச் சுமந்திருக்கிறா, நாம் யாரைச் சுமக்கிறோம் என்று கேட்பார். நான் பாயைச் சுமந்தால் போதும் என்றேன். கூடாரத்தில் அன்று தண்ணீர் ஏறி இருந்தது.

புது வீடு கட்டி முடிந்ததும் வியாழக்கிழமைக் கூட்டம் தொடங்கியது. அக்காவோடு ஏழு பேர். எங்கள் வேதக் கோயிலில் மாதம் ஒரு தாள் தருவார்கள். எந்த நாட்டில் எந்த ஊழியக்காரர் என்ன கஷ்டத்தில் இருக்கிறார், எந்தச் சனத்துக்குத் தண்ணீர் இல்லை, மருந்து இல்லை என்று அதில் இருக்கும். அக்கா பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி அட்டை ஆக்குவார். ஒரு அட்டையில் ஒரு பெயர், ஒரு ஊர். அதைத் தன் தகர ரின்னில் போட்டு வைப்பார்; மற்றவர்களிடமும் ஆளுக்கொரு ரின் இருந்தது. செய்தி வந்தால் அட்டையின் பின்பக்கம் எழுதுவார். பின்பக்கம் எழுதிய பிறகுதான் அட்டையை ரின்னில் இருந்து எடுக்கலாம். சுகம் என்ற செய்தியும் சரி, இறந்துவிட்டார் என்ற செய்தியும் சரி. செய்தி வராமல் ஒரு அட்டையும் எடுக்கப்படாது. அது அவர்களுடைய சட்டம்.

ஒரு அட்டை நைஜர் நாட்டில் ஒரு கிராமம். அங்கே பள்ளிக்கூடம் நடத்தும் ஒரு குடும்பம். மழை இல்லை என்று எழுதி இருந்தது. அக்கா மூன்று வருடம் மழை கேட்டார். பிறகு ஒரு தாள் வந்தது. வெள்ளம் வந்து பள்ளிக்கூடத்துச் சுவரைக் கொண்டுபோய்விட்டது. அதே மாரியில் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையிலும் வயல் வட்டை முழுக்கத் தண்ணீர். பாதையில் வந்த வயல்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அக்காட ஜெபம் கொஞ்சம் கூடிட்டு தம்பி. குறைக்கச் சொல்லு" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் இன்னது வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டார். பெயரைச் சொல்வார். ஊரைச் சொல்வார். இவர்களைப் பார்த்துக்கொள்ளும் என்பார். அவ்வளவுதான்.

அன்னம்மாக்கா ஒவ்வொரு வியாழக்கிழமையும் வெல்லாவெளியில் இருந்து பஸ்ஸில் துறைக்கு வந்து, என் பாதையில்தான் இக்கரை வருவார். கையில் ஒரு கறுப்புப் பை. அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருப்பார். நான் பகிடி பண்ணுவேன்.

"இண்டைக்கு எந்த நாட்டுக்குப் போறீங்க?"

"நீ பாதைய நேரா விடு தம்பி. நாட்டை நாங்க பாத்துக்கொள்றம்."

ஒவ்வொரு கிழமையும் இதே பேச்சுத்தான்.

இப்போது மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் மூத்த பிள்ளை. இருபத்து நான்கு வயதில் அவன் படகில் வெளிநாடு போனான். போய் எட்டு வருடம். இன்றுவரை ஒரு போன் கோல் இல்லை, ஒரு கடிதம் இல்லை. அந்தப் படகில் போன ஒருவரைப் பற்றியும் தகவல் இல்லை.

அவன் போவதற்கு இரண்டு நாள் முதல் பாதையில் என் பக்கத்தில் வந்து நின்றான். நாளையின்றைக்குப் போறன், அம்மாக்கிட்ட சொல்லாதீங்க மாமா என்றான். நான் அவனை ஏசினேன். ஆனால் அக்காவிடம் சொல்லவில்லை. போகமாட்டான் என்று நினைத்தேன். போய்விட்டான். அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை. அக்கா உயிரோடு இருந்த வரைக்கும் நான் இதைச் சொல்லவில்லை. இந்த மலரைக் கையில் எடுக்கிற எல்லோருக்கும் இப்போது சொல்கிறேன்.

அவன் போன பிறகு வியாழக்கிழமைகளில் நான் அக்கா வீட்டு முற்றத்தில் போய் இருப்பேன். ஏதாவது வேலை செய்கிற மாதிரி வலை கட்டிக்கொண்டு இருப்பேன். உள்ளே ஜெபிக்கும் சத்தம் கேட்கும். பப்புவா நியூ கினி என்று கேட்கும். வங்காளதேசம் என்று கேட்கும். அவனுடைய பெயர் ஒருநாளும் கேட்காது. மற்றப் பெண்கள் வாயிலும் கேட்காது. ஒரு வருடம் பார்த்தேன். இரண்டு வருடம் பார்த்தேன். நான்கு வருடம் பார்த்தேன்.

ஒரு வியாழக்கிழமை கூட்டம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கும்போது உள்ளே போனேன். அத்தனை பேர் முன்னால் கேட்டேன்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் ஜெபிக்கிறாய். பெத்த பிள்ளைக்கு உனக்கு ஒரு வாய் வரல்லியா?"

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "அவன்ட பேர் இரிக்கவேண்டிய இடத்தில இரிக்கு" என்றார்.

மகன் செத்துப்போனான் என்று முடிவு எடுத்துவிட்டார் என்று நான் விளங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. நான்கு வருடம். அக்கா பாதையில் வந்தால் சாப்பிட்டியா என்று கேட்பார். நான் தலை ஆட்டுவேன். அதோடு சரி. அன்னம்மாக்காவோடும் பகிடி நின்றுபோனது. ஆனால் அவர் வியாழக்கிழமை வராமல் இருந்ததில்லை. பையை அதேமாதிரிப் பிடித்துக்கொண்டு இருப்பார்.

போன வருடம் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது என்று சொன்னார்கள். கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரி. நான் போய்வரத் தொடங்கினேன். பேசவில்லை. ஓட்டோவில் ஏற்றி இறக்குவேன். அக்கா கிளினிக் வாங்குப் பலகையில் இருந்தபடி அட்டைகளைப் புரட்டுவார். கடைசி மாதம் கை நடுங்கியது. நான் அட்டையைப் பிடிப்பேன், அவர் வாசிப்பார். பப்புவாவில் ஒரு நேர்ஸ், மலை ஏறி மூன்று நாள் நடந்து போகிறவர். வங்காளதேசத்தில் ஆற்றுக்கரைச் சனத்துக்குத் தோணியில் போய்ப் படிப்பிக்கும் புருஷனும் பெண்சாதியும். அப்படித்தான் எனக்கும் அவர்களைத் தெரிய வந்தது. மருமகனுடைய அட்டை வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

அக்கா ஒரு காலை ஒன்பது மணிக்குப் போனார். அறுபத்து மூன்று வயது. கஷ்டப்படவில்லை.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஆறு பெண்களும் வழமைபோல வந்து இருந்தார்கள். அக்காவின் ரின்னைத் திறந்து பாயில் அட்டைகளைக் கொட்டினார்கள், பங்கு போட. அன்னம்மாக்கா மட்டும் எழும்பி வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். கயிற்றை விட்டுப்போட்டுப் போனேன். அவர் பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தார்.

"காட்டுறதில்லையேகா" என்றார் உள்ளே இருந்து ரூத் ரீச்சர்.

"இண்டைக்கு மட்டும்" என்றார் அன்னம்மாக்கா. "தம்பி நாலு வருஷம் படி மிதிக்காம இருந்தது இதுக்காகத்தானே."

அட்டையில் அக்காவின் கையெழுத்து. என் மருமகனுடைய பெயர். ஊர் எழுதும் இடத்தில் ஒன்றும் இல்லை. கை பட்டுப் பட்டு மூலைகள் நாலும் துணிபோல ஆகி இருந்தது.

அப்போதுதான் அவர்களுடைய இன்னொரு சட்டம் எனக்குத் தெரியவந்தது. சொந்த வீட்டு ஆளின் அட்டையைத் தன் ரின்னில் வைக்கப்படாது. கூட்டத்திலும் அந்தப் பெயரைச் சொல்லப்படாது. அதை இன்னொருத்தியின் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் தன் வீட்டில் இருந்து கேட்பார். யாருடைய அட்டை யாரிடம் என்று கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் மட்டும்தான் தெரியும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே அக்காதான், அந்த நைஜர் வெள்ளத்துக்குப் பிறகு.

ஏன் அப்படி என்று கேட்டேன். அட்டையைத் தந்த அன்று அக்கா சொன்னதை அன்னம்மாக்கா அப்படியே சொன்னார்.

"என்ட பிள்ளைக்கு நானே கேட்டா பேரம் பேசுவன்கா. இதத் தாறன், அதத் தா எண்டு கேப்பன். நீ கேட்டா நேரா கேப்பாய்."

ஏன் வெல்லாவெளிக்குக் கொடுத்தார் என்பதையும் சொன்னார். தூரத்தில் இருப்பவரிடம் கொடுத்தால் ஒவ்வொரு நாளும் அவருடைய முகத்தைப் பார்த்து, என் பிள்ளையை நினைத்தாளா என்று தேடவேண்டி வராதாம்.

நான் கணக்குப் பார்த்தேன். எட்டு வருடம் அந்த அட்டை வியாழக்கிழமை தோறும் என் பாதையில்தான் வந்தது, என் பாதையில்தான் திரும்பிப் போனது. நான்தான் கொண்டுவந்தேன்.

படியில் குந்தினேன். பிறகு சொன்னேன். "அவன் போறதெண்டு எனக்குத் தெரியும். எனக்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனவன். நான் அக்காவுக்குச் சொல்லல்ல."

மருமகள் கதவில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அண்ணன். அவள் என்ன சொன்னாலும் நான் கேட்கத்தான் வேண்டும். அவள் அடுப்படிக்குப் போனாள். அன்னம்மாக்கா அட்டையைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தார்.

"இனி அதையும் சேத்துக் கேக்கிறன்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். எட்டுக் கோப்பை இருந்தது. உள்ளே வாங்க மாமா என்றாள். போனேன்.

அன்னம்மாக்காவின் கையில் உள்ள அட்டையின் பின்பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. இதை வாசிக்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறீர்கள். அவனைப் பற்றி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். நல்ல செய்தியாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பின்பக்கம் எழுத வேண்டும்.

எங்கள் குடும்பத்தின் நன்றியைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்த டொக்டர்மாருக்கும் மிஸிமாருக்கும். வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுத்த போதகர் ஐயாவுக்கு. மூன்று நாளும் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த பிள்ளையார் கோயில் வீதிச் சனத்துக்கு. பெட்டி செய்து தந்த, அத்தானோடு தச்சு வேலை செய்த தம்பிமாருக்கு. எனக்குப் பதிலாகப் பாதை ஓட்டிய கூட்டாளிமாருக்கு. தூரத்தில் இருந்து அழுதவர்களுக்கு. எங்களுக்காக ஜெபித்தார் என்று அந்தக் கூடாரத்தில் கேள்விப்பட்ட, பெயர் தெரியாத அந்த அம்மாவுக்கும்.

இப்போது நானும் ஜெபிக்கிறேன். அக்கா மாதிரி வராது. பாதை நடு வாவிக்கு வந்ததும் பெயரைச் சொல்வேன். ஊரைச் சொல்வேன். இவர்களைப் பார்த்துக்கொள்ளும் என்பேன். அன்னம்மாக்கா பையோடு முன்னால் இருப்பார். என்னிடம் உள்ள அட்டைகளில் ஒன்று எங்கள் கூட்டத்தில் ஒருவருடைய வீட்டுப் பிள்ளையினது. அது யார் என்று இங்கே எழுத மாட்டேன்.

அக்காவின் ரின்னில் இருந்தது நாற்பத்தொரு அட்டை. ஆறு பெண்களும் ஆளுக்கு ஆறு எடுத்தார்கள். மிச்சம் என்னிடம்.

ஐந்து.